நீண்ட நாள் உழைக்கும் பிரா: பெரிய மார்பகம் உள்ளவர்கள் அளவெடுத்து வாங்குவது எப்படி?

வேலை முடிந்து வீடு திரும்பியதும் முதல் காரியமாகப் பிராவின் கொக்கியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விடும் பெண்கள் நம்மில் ஏராளம். கண்ணாடியில் பார்த்தால் இரு தோள்களிலும் சிவந்து குழி விழுந்திருக்கும். மார்புக்குக் கீழே வியர்வையில் ஊறிய தோல் எரியும். கழுத்தும் மேல்முதுகும் வலிக்கும். கேட்டால், "எனக்கு உடம்பு அப்படி, என்ன செய்வது?" என்பார்கள். நானும் முப்பத்தைந்து வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குறை உடம்பில் இல்லை, அணிந்திருந்த அளவில்தான் இருந்தது என்பது ஒரு நாள் அளவு நாடாவை எடுத்து ஒழுங்காக அளந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மார்பின் பாரத்தைத் தூக்குவது தோள்வார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் கீழ்ப்பட்டை. தோள்வாரின் வேலை, கப்பின் மேல்பகுதி உடம்போடு ஒட்டி நிற்கும்படி பிடித்துக்கொள்வது மட்டுமே. கீழ்ப்பட்டை தளர்வாக இருந்தால் முன்பக்கம் பாரத்தால் இறங்கும், பின்பக்கம் முதுகில் மேலே ஏறும். மார்பு தொங்குகிறதே என்று தோள்வாரை இழுத்துக் கட்டுவோம். இழுக்க இழுக்கப் பின்பட்டை இன்னும் மேலே ஏறும், பாரம் முழுவதும் இரண்டு மெல்லிய வார்களில் வந்து விழும். தோளில் குழி விழுவது இப்படித்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிராவை அணிந்துகொண்டு இரண்டு தோள்வார்களையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். கீழ்ப்பட்டை இருந்த இடத்திலேயே நின்று, மார்பும் பெரிதாக இறங்காமல் இருந்தால் பட்டை சரி. எல்லாமே சரிந்து வந்தால் பட்டை உங்களுக்குப் பெரிது.

பெரும்பாலோர் ஏன் பெரிய பட்டையை வாங்குகிறோம்? ஒரு காரணம், கடைகளில் இன்றும் சொல்லப்படும் பழைய கணக்கு. மார்புக்குக் கீழே அளந்த அளவோடு நான்கு அங்குலத்தைக் கூட்டு என்பார்கள். துணி அதிகம் இழுபடாத காலத்து வழக்கம் அது. இன்றைய பட்டைகள் நன்றாக இழுபடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்புக்குக் கீழே 34 அங்குலம், மார்பின் முழு அளவு 41 அங்குலம் உள்ள ஒருவர் கடைக்குப் போகிறார். 34-உடன் நான்கைக் கூட்டி 38 என்கிறார் விற்பனைப் பெண். 41-க்கும் 38-க்கும் வித்தியாசம் மூன்று, ஆகவே 38சி. அதே பெண்ணுக்கு நான்கைக் கூட்டாமல் பார்த்தால் பட்டை 34, வித்தியாசம் ஏழு அங்குலம், பிரிட்டன் அளவில் 34எஃப். 38சி-யின் கப்பில் இருக்கும் இடம் 34டிடி-யில் இருக்கும் இடமேதான். அதாவது அவர் அணிவது நான்கு அங்குலம் பெரிய பட்டை, இரண்டு படி சிறிய கப். மேலே பிதுங்குகிறது என்று அடுத்த முறை 40சி வாங்குவார். பட்டை இன்னும் தளரும்.

"எஃப்" என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். கப்பின் எழுத்து ஒரு தனி அளவு கிடையாது, பட்டைக்கும் மார்புக்கும் உள்ள வித்தியாசத்தின் பெயர். 30எஃப் அணியும் ஒல்லியான பெண்ணின் கப்பும் 40எஃப் அணிபவரின் கப்பும் ஒன்றல்ல. மார்பின் அளவை எழுத்தோடு இணைக்கும் முறையை 1932-இல் அமெரிக்காவின் எஸ்.எச். கேம்ப் நிறுவனம் தொடங்கியபோது ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகள்தான் இருந்தன. டி என்றால் மிகப் பெரியது என்ற எண்ணம் இன்னும் நம் கடைகளை விட்டுப் போகவில்லை.

வீட்டிலேயே அளக்கலாம். தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண அளவு நாடா போதும். மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே நாடாவை இறுக்கமாக, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் சுற்றிப் பிடியுங்கள். இது பட்டை அளவு. பிறகு இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து, மார்பின் மிகப் பெரிய பகுதியைச் சுற்றி நாடாவைத் தளர்வாகப் பிடியுங்கள். பாரமான மார்பு நிமிர்ந்து நிற்கும்போது கீழே படிந்துவிடும், சரியான அளவு கிடைக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. அதற்கு மேல் பிரிட்டன் முறையில் ஐந்து டிடி, ஆறு இ, ஏழு எஃப், எட்டு எஃப்எஃப், ஒன்பது ஜி.

நாடா சொல்வது தொடக்கம் மட்டும்தான். 34 அளந்தவர் 34-ஐயும் 36-ஐயும் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். விலாவில் சதைப்பற்று உள்ளவர்களுக்கு 34 வசதியாக இருக்கும், எலும்பு தெரியும் உடம்புக்கு 36 தேவைப்படலாம். பட்டையை ஓர் எண் கூட்டினால் கப்பை ஓர் எழுத்து குறைக்க வேண்டும். 34எஃப்-க்குப் பதில் 36இ. இதை மறந்துவிட்டால் கணக்கு மறுபடியும் தவறிவிடும்.

நம் நாட்டுக் கடைகளில் இன்னொரு குழப்பம், எல்லா நாட்டுச் சரக்கும் இங்கே விற்கப்படுவது. துண்டுச் சீட்டில் 34 என்றும் 75 என்றும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். 36 என்றால் 80, 38 என்றால் 85. 75 சென்டிமீட்டர் என்பது முப்பது அங்குலம்கூட இல்லையே என்று கேட்கத் தோன்றும். அந்தப் பழைய நான்கு அங்குலம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் அட்டவணை காட்டும் எண்ணோடு நின்றுவிடாமல், அதற்கு ஒரு படி சிறிய பட்டையையும் போட்டுப் பாருங்கள். எழுத்துகளும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் எஃப், ஐரோப்பிய அளவில் ஜி. ஷோப்பி, லஸாடாவில் வாங்குபவர்கள் எந்த நாட்டு அளவு என்று விற்பவரிடம் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

எங்கே வாங்குவது? பசார் மாலாமில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைப்பவை சிறிய மார்புக்குப் பரவாயில்லை. அங்கே பட்டை எண் 36, 38, 40 என்று ஏறிக்கொண்டே போகும், கப் மட்டும் பெரும்பாலும் பி-யிலும் சி-யிலும் நின்றுவிடும். போட்டுப் பார்க்கவும் இடமிருக்காது. பேரங்காடிகளில் உள்ள மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், வாக்கோல், உள்நாட்டு நிறுவனமான ஸிஸிலி போன்றவற்றில் டி-யைத் தாண்டிய கப்புகளையும் கேட்டுப் பார்க்கலாம். விலை நூறு வெள்ளியை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். மலிவு விற்பனைக் காலத்தில் குறையும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வருபவர்கள் அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மலாயில் பிராவுக்கு "சோலி" என்று பெயர், கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு கடையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "உங்கள் சைஸ் இங்கே இல்லை" என்று நாடாவைக்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவமானமாக இருந்தது. இப்போதெல்லாம் நானே அளந்து, எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறேன்.

போட்டுப் பார்க்கும்போது முன்னால் குனிந்து, கையை உள்ளே விட்டு, அக்குள் பக்கத்துச் சதையையும் கப்புக்குள் கொண்டுவந்த பிறகு நிமிர்ந்து பாருங்கள். பல பேருக்கு அப்போதுதான் கப் சிறியது என்று தெரியும். இரு கப்புகளுக்கும் இடையே உள்ள பகுதி நெஞ்செலும்பில் படிந்து நிற்க வேண்டும். கம்பி மார்பைச் சுற்றி விலாவில் இருக்க வேண்டும், மார்பின் மேல் ஏறக் கூடாது. கம்பி குத்துகிறது என்று கம்பியையே வெறுப்பவர்கள் பலரும் உண்மையில் சிறிய கப் அணிபவர்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், முழுக் கை நுழையக் கூடாது. புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பாருங்கள். நாளாக நாளாகப் பட்டை தளரும்போது உள்வரிசைக்கு மாற்றத்தான் மற்ற வரிசைகள். கடையிலேயே உள்வரிசையில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் வாங்காதீர்கள். கையை மேலே தூக்கிப் பாருங்கள், குனிந்து பாருங்கள். பால்மரம் வெட்டுபவருக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கும் கடையின் கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்ப்பது போதாது.

நீண்ட நாள் உழைக்குமா என்பதைத் தையலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பின்பட்டை அகலமாக, மூன்று நான்கு கொக்கிகளோடு இருக்க வேண்டும். கப்புத் துணியை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல இழுபட்டால் அது பாரத்தைத் தாங்காது. தோள்வார் அகலமாக, முன்பாதி இழுபடாத துணியாக இருப்பது நல்லது. பஞ்சு வைத்து அச்சில் வார்த்த கப்பைவிட, இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்த கப் பெரிய மார்பை நன்றாகத் தூக்கும். டீ-சட்டைக்குள் தையல் கோடு தெரிகிறது என்று இளம்பெண்கள் இதை ஒதுக்குகிறார்கள். சேலை, பஞ்சாபி சூட் அணிபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நல்ல பிராவையும் நாசமாக்குவது நம் துவைக்கும் முறை. பட்டையின் உயிர் அதிலுள்ள இழுநூல். சூடும், வியர்வையும், குளோராக்ஸும் அதை அரித்துவிடும். மெஷினில் போட்டால் கம்பி வளையும், கொக்கி மற்ற துணியில் மாட்டி இழுபடும். குளிக்கும்போதே சாதாரணத் தண்ணீரில், கொஞ்சம் சோப்பில் அலசிவிடலாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நடுப்பகுதியைக் கொடியில் மடித்துப் போட்டு நிழலில் காயவையுங்கள். தோள்வாரில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனமே அதை இழுத்துவிடும். ஒரே பிராவைத் தினமும் அணியாமல் மூன்றை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் கூடுதல் நாள் வரும். உள்வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறினால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

நம் ஊர் வெயிலில் தோலையும் கவனிக்க வேண்டும். மார்புக்குக் கீழே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். குளித்தபின் அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் பிறகு பிரா அணியுங்கள். பவுடரை அப்பினால் வியர்வையில் கட்டிதட்டி உரசும். தோட்ட வேலை செய்பவர்கள் மாற்றுப் பிரா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மதியத்தில் மாற்றினால் பெரிய ஆறுதல். சிவந்து, வெடித்து, வாடை வந்தால் கைமருந்தை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். சரியான பிரா அணிந்தும் கழுத்து வலி தீரவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லலாம். மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை அழகுக்காக மட்டும் செய்யப்படுவதல்ல.

கம்பி வைத்த பிராவால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிப் பல அக்காமார்கள் கம்பியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. கட்டி, காம்பிலிருந்து கசிவு, தோல் குழிதல் இவற்றில் எது தென்பட்டாலும் உடனே காட்டுங்கள். பிரா மாற்றும் நேரம் அதைக் கவனிக்க நல்ல நேரம்.

வயதுக்கு வந்த மகளுக்கு வாங்கும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். மார்பு குலுங்குவதற்கு வெட்கப்பட்டுப் பள்ளி விளையாட்டை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. ஒரே துண்டாக மார்பை அழுத்தும் விளையாட்டுப் பிரா, பெரிய மார்புக்குப் போதாது. இரு பக்கமும் தனித்தனிக் கப் வைத்து, பின்னால் கொக்கி உள்ளதைக் கேளுங்கள். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகும், உடம்பு ஏறி இறங்கும்போதும் அப்படியே.

தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, புதிய பிராவை அணிந்துகொண்டு தையல்காரரிடம் அளவு கொடுங்கள். மார்பு சரியான இடத்துக்கு ஏறியதும் டார்ட் பிடிக்கும் இடம் மாறிவிடும். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தால் பழைய இடத்தில்தான் தைத்து வரும்.