சமிக்ஞையும் செய்நிரலின் முடிவும்

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒன்றை நிறுத்துதல் எளிய காரியம்போலத் தோன்றும். ஆயின், பாதி எழுதிய பதிவை முடிக்காமலும் தற்காலிகக் கோப்புக்களை அழிக்காமலும் அது திடீரென மடியுமாயின், பின்னர் வருவோர்க்குப் பெருந்தொல்லை நேரும். ஆகவே நிறுத்துமுன் அதற்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பே சமிக்ஞை எனப்படுவது.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையிலே இச்சமிக்ஞைகள் வளர்ந்தன. சமிக்ஞை எக்கணத்திலும் வரலாம். வந்தவுடன் செய்நிரல் தன் வேலையை இடையில் விட்டு, அதற்கென வகுக்கப்பட்ட சார்பினுட் புகும். அது முடிந்தபின் விட்ட இடத்துக்கு மீளும். தொடக்க கால யுனிக்ஸில் ஒரு குறை இருந்தது. சமிக்ஞை ஒருமுறை வந்ததும் செய்நிரல் செய்துவைத்த ஏற்பாடு நீங்கிவிடும்; அதனை மறுபடி செய்வதற்குள் இரண்டாவது சமிக்ஞை வரின் செய்நிரல் அக்கணமே மடியும். 1983இல் வெளிவந்த பேர்க்கிலிப் பதிப்பு இக்குறையை நீக்கிற்று; 1988ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமம் அத்திருத்தத்தைப் பொதுவாக்கிற்று.

ஆயினும் இதனினும் ஆழமான இடர் எஞ்சியது. கணக்கப்பிள்ளை ஒருவர் பேரேட்டில் ஒரு தொகையைப் பற்றில் எழுதி, வரவில் எழுதுமுன் வாசலிலிருந்து அழைக்கப்படுகிறார் என்க. அழைத்தவர் அதே பேரேட்டைத் திறந்து இன்னொரு கணக்கை எழுதுவாராயின் விளைவு யாது? நினைவகத்தை வழங்கும் மலொக் என்னும் சார்பும் இத்தகையதே. அது தன் பட்டியலைப் பாதி மாற்றிய நிலையில் சமிக்ஞை வந்து, கையாளும் சார்பும் நினைவகம் கேட்குமாயின், பட்டியல் சிதையும். இது பற்றியே பொசிக்ஸ் நியமம் கையாளும் சார்பினுள் அழைக்கத்தக்கவை இவையென ஒரு சிறு பட்டியல் வகுத்தது. அதில் மலொக்கும் இல்லை. அச்சிடும் பிரின்ட்எஃப்பும் இல்லை.

எனவே கையாளும் சார்பு ஓர் அடையாளத்தை மட்டும் இட்டுத் திரும்புக, துப்புரவுப் பணியைச் செய்நிரலின் முதன்மை ஓட்டம் செய்க என்பது வழக்காயிற்று. அதிலும் ஓர் ஓட்டை உண்டு. அடையாளத்தைப் பார்த்த பின்னும் உறங்கச் செல்லுமுன்னும் சமிக்ஞை வந்தால், செய்நிரல் அதனை அறியாது உறங்கிவிடும். செய்நிரல் தனக்குத்தானே ஒரு குழாய் அமைத்து, கையாளும் சார்பு அதில் ஓர் எழுத்தை எழுதுமாறு செய்து, 1990ஐ ஒட்டிய காலத்தில் டி. ஜே. பேர்ன்ஸ்டைன் இதற்கு வழி கண்டார்.

இவ்விதிகளை வெறும் ஏட்டு விதிகளெனக் கருதுவோர் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் செய்நிரலின் வரலாற்றை நோக்குதல் நன்று. தொலைக் கணினியுட் பாதுகாப்பாகப் புக உதவுவது அது. புகுவோர் குறித்த நேரத்துள், வழக்கமாக 120 விநாடியுள், தம்மை மெய்ப்பிக்காவிடின் நேரச் சமிக்ஞை எழும். கையாளும் சார்பு நிகழ்ந்ததைப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செய்நிரலை முடிக்கும். அவ்வெழுத்து வேலை லினக்ஸில் நினைவகம் கேட்கக்கூடியது! இவ்வகை வழுவை 2006இல் மார்க் டவுட் கண்டறிந்தார், அது திருத்தப்பட்டது. 2020 ஒக்டோபரில் பதிவெழுதும் பகுதியைச் சீரமைத்தபோது, காவலாய் நின்ற நிபந்தனை வரி தவறுதலாக நீக்கப்பட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5ஆம் பதிப்புடன் பழைய வழு உலகெங்கும் பரவிற்று. 2024 யூலை 1ஆந் திகதி குவாலிஸ் நிறுவனத்தார் அதனை வெளிப்படுத்தினர். 32 பிற் லினக்ஸ் கணினியில், கடவுச்சொல் அறியாத ஒருவரும் சராசரியாக ஏறத்தாழ 10,000 முயற்சிகளில் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என அவர்கள் காட்டினர். ஓப்பன் பி.எஸ்.டி. முறைமைக்குத் தீங்கில்லை. அங்கே பாதுகாப்பான பதிவுச் சார்பு 2001 முதலே இருந்தது.

அன்றே வெளிவந்த 9.8ஆம் பதிப்பில் கையாளும் சார்பு பதிவேட்டைத் தொடுவதில்லை. ஒரு முடிவெண்ணை விட்டு உடனே விலகுகிறது. அவ்வெண்ணைக் கண்டு பதிவெழுதுவது அதனைத் தோற்றுவித்த தாய்ச் செய்நிரல்.