640 கிலோபைட்டுக்குள் ஒரு வில்லுப்பாட்டு

நாகர்கோவிலில் என் ஆசிரியர் வீட்டுப் பரணிலிருந்து சென்ற ஆண்டு இறக்கப்பட்ட தகரப்பெட்டியில் மூன்று நெகிழ்வட்டுகளும், புள்ளி அச்சுப்பொறியில் எடுத்த ஒரு தாளும் இருந்தன. வட்டுகளில் இருப்பது இரவிக்குட்டிப் பிள்ளை கதை. கணியாகுளம் போரைச் சொல்லும் வில்லுப்பாட்டு. ஒரு புலவர் பாடப்பாட ஆசிரியர் ஒலிநாடாவில் பிடித்து, 1992-லும் 1993-லும் தட்டச்சு செய்வித்தது. தாளில் இருந்தது பாட்டு அல்ல. பதினொரு வரிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆணை. ஹைமெம், இஎம்எம்386, டாஸ்=ஹை என்று போகும் அந்த வரிகளை இன்றைய மாணவர் எவரிடம் காட்டினாலும் குப்பைக்கூடையைத்தான் தேடுவார். அந்தத் தாள் இல்லாமல் அந்தப் பாட்டின் பிரதியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணினியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் மூளையான இன்டெல் 8088 சில்லுக்கு முகவரி எழுத இருபது இழைகள். இருபது இழைகளால் எண்ணக்கூடியது பத்து லட்சத்துச் சொச்சம் இடங்கள், அதாவது ஒரு மெகாபைட். அதில் மேலிருக்கும் 384 கிலோபைட்டைத் திரைக்கும் வன்பொருள் அட்டைகளுக்கும் ஒதுக்கிவிட்டுக் கீழேயுள்ள 640-ஐ நிரல்களுக்கு விட்டார்கள். அந்தக் கணினியின் தொடக்க வடிவத்தில் நினைவகமே 16 கிலோபைட்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தப் பங்கீட்டைக் குறைசொல்லத் தோன்றாது. (640 எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக உலவும் வாக்கியத்தைத் தான் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆனாலும் அது சாகாது.)

பிறகு சில்லுகள் வளர்ந்தன. 1982-இல் வந்த 80286 பதினாறு மெகாபைட்டை எட்டியது. 1985-இல் வந்த 80386 அதையும் கடந்தது. டாஸ் மட்டும் பழைய வேலிக்குள்ளேயே இருந்தது. வேலியை உடைத்தால் ஏற்கெனவே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான நிரல்கள் ஓடாமல் போகும். ஆகவே உடைக்காமல் தாண்டும் வழிகளைத் தேடினார்கள். 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் மூன்றும் கூடி ஒரு முறையை வகுத்தன. மேல்பகுதியில் 64 கிலோபைட் அளவில் ஒரு சாளரம். அதில் நான்கு கட்டங்கள். வெளியே கிடக்கும் பெரிய நினைவகத்தின் துண்டுகள் தேவைக்கேற்ப அந்தக் கட்டங்களில் வந்து நிற்கும். எங்கள் ஊர்ப் பத்தாயத்தின் அடிவாசலைப் போல. உள்ளே கோட்டைக்கணக்கில் நெல் இருந்தாலும் கைக்கு வருவது அந்தச் சிறு வாசல் வழியாக வருவதுதான்.

இன்னொரு சந்து தற்செயலாகக் கிடைத்தது. 8088-இல் ஒரு மெகாபைட்டைத் தாண்டி முகவரி எழுதினால் அது சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே திரும்பும். இந்தச் சுற்றலை நம்பியும் சில நிரல்கள் இருந்தன. அவற்றுக்காக 1984-இல் வந்த ஏடி கணினியில் இருபத்தோராவது முகவரி இழைக்கு ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவின் சாவியைக் கொடுத்தது விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம்! கதவைத் திறந்தால் ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் 65,520 பைட்டுகளைப் பழைய முறையிலேயே எட்டலாம். ஹைமெம் செய்வது இந்தக் கதவைத் திறப்பதும் அதற்கப்பால் உள்ளதைப் பங்கிடுவதும்தான். 1991 ஜூனில் வந்த எம்எஸ்-டாஸ் 5, தன் உடம்பின் பெரும்பகுதியை அங்கே குடியேற்றிக்கொண்டு கீழே ஏறக்குறைய 45 கிலோபைட்டைக் காலிசெய்து தந்தது. நியாயமாகச் சொன்னால் இதை முந்திச் செய்தது டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர்-டாஸ் 5. அது 1990-லேயே வந்துவிட்டது.

தமிழுக்கு இந்த வேலி மற்றவர்களைவிட நெருக்கமாக இறுக்கியது. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு எழுத்துகள் திரை அட்டையிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. தமிழில் எழுத, எழுத்துருவையும் விசைப்பலகை முறையையும் ஒரு நிரல் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்து நினைவகத்தில் குந்தியிருக்க வேண்டும். எட்டுப் புள்ளி அகலக் கட்டத்தில் ‘ண’வும் ‘ஞ’வும் அடங்காது என்பதால் பல மென்பொருள்கள் எழுத்தைப் படமாகவே வரைந்தன. கனடாவில் சீனிவாசன் 1984-இல் உருவாக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசும் இந்த நெருக்கடிக்குள் பிறந்தவை. புனேயின் சி-டாக் வேறு வழியை எடுத்தது. கான்பூர் ஐஐடியில் முளைத்த ஜிஸ்ட் நுட்பத்தை ஒரு தனி அட்டையாக்கி, இந்திய எழுத்துகளின் சுமையை அட்டையின் தலையிலேயே ஏற்றியது. அந்த அட்டையை வாங்க வசதியுள்ள அலுவலகங்கள் வாங்கின. எங்களைப் போன்றவர்களுக்கு எஞ்சியது 640.

நாகர்கோவிலில் எழுத்தை இடத்துக்குள் அடக்கும் வேலை புதிதல்ல. மீட் பாதிரியார் 1820-களின் தொடக்கத்தில் இங்கே அச்சகம் நிறுவிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக அச்சுக்கோர்ப்பவர்கள் இருந்த ஊர் இது. ஆசிரியரின் பிரதியைத் தட்டச்சு செய்தவரும் அப்படி ஒருவர்தான். ஈய எழுத்தோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, அச்சகம் மூடப்பட்டபின் ஒரு கணினி மையத்தில் வந்து உட்கார்ந்தவர். அண்ணாச்சி என்றே நாங்கள் அழைப்போம். கணினி என்றால் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்பது அன்றைய என் எண்ணம்.

மையத்தில் இருந்தது 386எஸ்எக்ஸ். நினைவகம் இரண்டு மெகாபைட். ஒற்றை நிறத் திரை. நாங்கள் பயன்படுத்திய தமிழ்ச் சொற்செயலி எழுதும் கோப்பு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். அதாவது டாஸ், எழுத்துரு, சுட்டெலி இயக்கி, சொற்செயலி எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின் எவ்வளவு மிச்சமோ, அவ்வளவுதான் ஒரு கோப்பின் நீளம். எங்களுக்கு மிஞ்சியது இருபது கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வருகிற கதை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், புலவர் போர்க்களத்துக்குப் புறப்படும் வீரனை வாசலில் நிறுத்தியிருப்பார், திரையில் நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வரும். அண்ணாச்சி கோப்பை மூடிவிட்டு அடுத்த எண்ணில் இன்னொன்று திறப்பார்.

1993 தொடக்கத்தில் ஒரு கணினி இதழில் இஎம்எம்386 பற்றிப் படித்தேன். 80386 சில்லுக்குத் தன்னைப் பழைய 8086 போலப் பாவித்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு. அந்த நிலையில், மேலே ஒதுக்கப்பட்ட 384-க்குள் உண்மையில் யாரும் குடியிராத வெற்று முகவரிகளுக்குப் பின்னால் வேறெங்கோ உள்ள நினைவகத்தைக் கொண்டுவந்து பொருத்தலாம். இஎம்எம்386 செய்யும் வித்தை அது. அந்த வெற்றிடங்களில் இயக்கிகளைக் குடியேற்றினால் கீழே இடம் பெருகும். இதழ் கூடுதலாக ஒரு குறுக்குவழியும் சொல்லியிருந்தது: பி000 முதல் பி7எஃப்எஃப் வரையிலான 32 கிலோபைட் சும்மா கிடக்கிறது, அதையும் சேர்த்துக்கொள். சேர்த்துக்கொண்டேன். இயந்திரம் எழுந்தது, திரை எழவில்லை.

அந்தப் பகுதி வண்ணத்திரை வைத்திருப்பவர்களுக்குத்தான் சும்மா கிடக்கிறது. ஒற்றை நிறத் திரையின் எழுத்துகள் வசிப்பதே அங்கேதான். திரைக்கென்று எழுதியதெல்லாம் திரைக்குப் போகாமல், அங்கே நான் குடிவைத்த சுட்டெலி இயக்கியின் மேல் போய் விழுந்திருக்கிறது. டாஸ் 6-இல் வந்த எஃப்5 விசை அன்று எங்களிடம் இல்லை. நெகிழ்வட்டிலிருந்து இயக்கி அந்த ஒரு சொல்லை அழிக்க மாலையாகிவிட்டது. இந்தியச் சிற்றூர்களின் இயந்திரங்களை மனத்தில் வைத்து யாரும் அந்தக் குறுக்குவழிகளை எழுதவில்லை என்ற கசப்பு எனக்கு இன்னும் உண்டு.

அப்போதுதான் அண்ணாச்சி கேட்டார்: “மக்கா, எது எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு ஒரு தாள்ல எடுத்துத் தா.” மெம் ஆணையின் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். “கேஸ்ல எடம் இல்லேண்ணா பெருசை முதல்ல வைக்கணும். சில்லறைய எங்கயும் சொருகலாம். நீ சில்லறைய முதல்ல வச்சிருக்க.”

அது முற்றிலும் சரி. மேல்பகுதி வெற்றிடங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாத துண்டுகள். சிறிய இயக்கி ஒன்று பெரிய துண்டின் நடுவில் போய் உட்கார்ந்தால் பெரியதற்கு இடமில்லை. அதிலும் பல இயக்கிகள் ஏறும்போது பருத்திருந்து ஏறியபின் மெலிபவை. ஏறும் கணத்துக்கான இடம் இருந்தால்தான் உள்ளே நுழையும். வரிசையை மாற்றினோம். சாளர முறையைப் பயன்படுத்தும் நிரல் எங்களிடம் இல்லாததால் நோஈஎம்எஸ் என்று சேர்த்து அந்த 64 கிலோபைட்டையும் மீட்டோம். நாலைந்து முறை அணைத்து எழுப்பியபின் சொற்செயலிக்கு மிஞ்சிய இடம் நூறு கிலோபைட்டைத் தாண்டியது. அன்று அச்சிட்ட தாள்தான் தகரப்பெட்டியில் இருந்தது. அதே 1993 மார்ச்சில் வந்த டாஸ் 6-இன் மெம்மேக்கர், குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் க்யூஇஎம்எம் ஆகியவை இந்த வரிசைகளை ஆயிரக்கணக்கில் தாமே கணக்கிட்டுப் பார்த்தன. அவை எங்களிடம் வந்தபோது பாட்டு முடிந்துவிட்டது.

இனி பிரதிக்கு வருகிறேன். வட்டுகளிலுள்ள முதல் பதினான்கு கோப்புகளும் இருபது கிலோபைட்டுக்குள் அடங்குபவை. பதினைந்தாவதிலிருந்து ஒவ்வொன்றும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஆசிரியர் மறைந்தபின் அந்தக் கோப்புகளின் தாள் அச்சு கைமாறிக் கைமாறிப் போனது. அதை ஆய்வுக்கு எடுத்த ஒருவர், கோப்புப் பிரிவுகளைக் கதையின் பிரிவுகள் என்று கொண்டார். முற்பகுதியில் புலவர் அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்குகிறார், போர் நெருங்க நெருங்க நிறுத்தமின்றிப் பாடுகிறார், கேட்போரின் பதற்றத்தை அறிந்து செய்யும் உத்தி அது என்று அழகாகவே எழுதியிருந்தார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. தாளின் தேதியும் பதினைந்தாவது கோப்பின் தேதியும் ஒன்று. புலவர் எங்கே நிறுத்தினார் என்பதற்கு ஒலிநாடாக்கள் சான்று. அவை பூஞ்சைபிடித்துப் போயின.

வட்டுகளைப் படிக்கப் பழைய வழிகள் இன்றும் உதவுகின்றன. 2002 முதல் வெளிவரும் டாஸ்பாக்ஸ், இல்லாத ஒரு 640-ஐ இன்றைய கணினிக்குள் கட்டிக்காட்டுகிறது. அதன் அமைப்புக் கோப்பில் எக்ஸ்எம்எஸ், ஈஎம்எஸ், யூஎம்பி என்று மூன்று வரிகள் இருப்பதைக் கண்டபோது பழைய ஊர்க்காரனைச் சந்தித்தது போலிருந்தது. சொற்செயலி ஓடியது. கோப்புகள் அந்தச் சொற்செயலி மட்டுமே அறிந்த குறியீட்டில் இருந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றாலும் அந்தச் செய்தி நாகர்கோவிலை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நின்றன, அச்சுக்கோர்ப்பவர் வைக்கும் அதே வரிசையில்.

இரண்டு வட்டுகள் முழுமையாக வந்தன. மூன்றாவது வட்டில் ஒரு பகுதி தேய்ந்திருக்கிறது. இருபத்தோராவது கோப்பின் நடுவில், கணியாகுளத்தில் இரு படைகளும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் பத்து கிலோபைட் அளவுக்கு வெறும் பூஜ்யங்கள். பதிப்புக்குக் கொடுக்கும்போது கோப்பு எண்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் வட்டு சிதைந்தது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன். பதினொரு வரித் தாளின் நகலைப் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பதிப்பாசிரியர் இன்னும் பதில் எழுதவில்லை.