ஸ்போரோட்ரைக்கோசிஸ்

ஸ்போரோட்ரைக்கோசிஸ், முள் குத்திய காயம் அல்லது சிராய்ப்பு வழியே ஸ்போரோத்ரிக்ஸ் வகைப் பூஞ்சைகள் தோலுக்குள் புகுவதால் வரும் நோய். இப்பூஞ்சைகள் மண்ணிலும் வைக்கோலிலும் அழுகும் தாவரங்களிலும் வாழ்கின்றன. ‘ரோஜாத் தோட்டக்காரர் நோய்’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

வரலாறும் பரவலும்

1898இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ மாணவராக இருந்த பெஞ்சமின் ஷெங்க் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். 1940களில் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் சுமார் 3,000 தொழிலாளர்களுக்கு இது பரவியது. சுரங்கத்தில் முட்டுக்கொடுத்திருந்த மரங்களில் பூஞ்சை வளர்ந்திருந்தது. 1988இல் அமெரிக்காவில் 84 பேருக்கு வந்தது; மரக்கன்றுகளைப் பொதியப் பயன்பட்ட ஸ்பாக்னம் பாசியே காரணம். இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில், குறிப்பாக இமாச்சலப் பிரதேசத்தில், இது அதிகம். பிரேசிலில் நோயுற்ற பூனைகள் பிராண்டுவதாலும் கடிப்பதாலும் பரவுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது.

அறிகுறிகள்

மண்ணில் 25 பாகை செல்சியசில் இழைகளாக வளரும் பூஞ்சை, 37 பாகை உடல் வெப்பத்தில் ஈஸ்ட் வடிவம் எடுக்கிறது. காயம்பட்ட 1 முதல் 12 வாரங்களில், குத்திய இடத்தில் பெரும்பாலும் வலியில்லாத சிறு கட்டி தோன்றும். சிவந்தோ ஊதா நிறத்திலோ இருக்கும் அது பின்னர் உடைந்து புண்ணாகும். விரலில் தொடங்கினால், நிணநீர்க் குழாய்களின் வழியே முன்கை நெடுகப் புதுக் கட்டிகள் கோத்த மணிகள்போல் வரிசையாக எழும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு நுரையீரல், எலும்பு, மூளை வரை பரவலாம்.

கண்டறிதலும் சிகிச்சையும்

பாக்டீரியாப் புண் என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்தால் இது ஆறாது. தோல் காசநோய் என்றும் தவறாகக் கருதப்படுவதுண்டு. சீழையோ புண்ணின் திசுவையோ ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தே உறுதிசெய்வர். இட்ராகோனசோல் மாத்திரையே முதன்மை மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் வழக்கமாக 3 முதல் 6 மாதம் உட்கொள்ள வேண்டும். புண் ஆறியதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. விலை குறைந்த பொட்டாசியம் அயோடைடு கரைசலும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. உள்ளுறுப்புகளில் பரவிய கடும் நோய்க்கு ஆம்போடெரிசின்-பி செலுத்தப்படும்.

தடுப்பு

ரோஜாச் செடியைக் கவாத்து செய்யும்போதும், வைக்கோலையும் பாசியையும் அள்ளும்போதும் கனமான கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். முள் கீறிய இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணுடன் மருத்துவரிடம் செல்வோர், தோட்டத்தில் முள் குத்தியதை மறக்காமல் சொல்ல வேண்டும். நோய் விரைவில் பிடிபட அதுவே முக்கியத் தடயம்.