டாக்டர் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர்

காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தருவது போல மனச்சோர்வுக்கு ஒரு மென்பொருளை எழுதித் தர முடியுமா? இங்கிலாந்தில் 2006லேயே அது நடந்தது!

அங்கே உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் போவது ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம்தான். மனச்சோர்வும் முதலில் அங்கேதான் வந்து நிற்கும். அவரிடம் ஒரு நோயாளிக்குக் கிடைப்பதோ சுமார் பத்து நிமிடம். எண்ணப் போக்கைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை பலன் தரும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைத் தரப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் 'பீட்டிங் தி ப்ளூஸ்'. வாரம் ஒன்றாக எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். வீடியோக்கள் உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு. 274 நோயாளிகளிடம் சோதித்து 2004ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். (ஆய்வு செய்தவர்களில் மென்பொருளை உருவாக்கியவர்களும் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்!) 2006ல், எந்த சிகிச்சைக்கு அரசு மருத்துவத்தில் இடம் என்று சொல்லும் 'நைஸ்' அமைப்பு, லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு இதைப் பரிந்துரைத்தது.

சரி, நிஜ உலகில் என்ன ஆயிற்று?

யார்க் பல்கலைக்கழகத்தின் சைமன் கில்பாடி குழுவினர் 83 ஜி.பி. மருத்துவமனைகளில் 691 பேரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு பீட்டிங் தி ப்ளூஸ், இன்னொன்றுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான இலவச 'மூட்ஜிம்', மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான ஜி.பி. சிகிச்சை மட்டும். முடிவு 2015ல் வந்தது. நான்கு மாதம் கழித்தும் மனச்சோர்வில் இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் 44 சதவீதம், பீட்டிங் தி ப்ளூஸில் 50, மூட்ஜிம்மில் 49. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து மென்பொருள் கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது. கூடுதலாக எந்தப் பலனும் தரவில்லை, அவ்வளவுதான்.

ஏன்? எட்டுப் பாடங்களையும் முடித்தவர்கள் வெறும் 18 சதவீதம்! பலர் ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டார்கள். காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கும் ஒருவரிடம், நீயே லாகின் செய்து நீயே படித்து நீயே வீட்டுப்பாடம் எழுது என்றால் எப்படி?

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் உண்டு. முதல் ஆய்வில் நோயாளிகள் மருத்துவமனைக்கே வந்து அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ் வரவேற்று, தொடங்கி வைத்து, முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார். மொத்தமே சில நிமிடங்கள்தான். பிந்தைய ஆய்விலோ நோயாளி வீட்டில் தனியாக இருந்தார். போனில் வந்த உதவியும் பெரும்பாலும் தொழில்நுட்ப உதவிதான். 'எந்திரம் இருக்கிறதே, நர்ஸ் எதற்கு?' என்று செலவைக் குறைத்த இடத்திலேயே சிகிச்சையும் கழன்றுபோனது போலத் தெரிகிறது.

இந்தச் சந்தேகத்தை அதே குழுவே சோதித்தது. 2017ல் வெளியான அடுத்த ஆய்வில் மூட்ஜிம்மோடு, பயிற்சி பெற்ற ஒருவர் போனில் பேசி ஊக்கப்படுத்தினார். நான்காவது மாதத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 2023ல் மனச்சோர்வுக்கான டிஜிட்டல் சிகிச்சைகளுக்கு நைஸ் மீண்டும் அனுமதி தந்தது. இம்முறை கூடவே ஒரு நிபந்தனை: பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர் உடன் இருக்க வேண்டும்.