பழைய ஜீப்பும் பழைய கூட்டும்

நீலகிரியின் கீழ்த்திசைச் சரிவில் அமைந்த கீழ் கோத்தகிரிக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுபவை தேயிலைத் தோட்டங்கள். அடுத்துப் படுபவை ஜீப் வண்டிகள். புத்தம் புதிய கார்கள் மலையேறி வந்துவிட்ட இக்காலத்திலும், ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த ஜீப்புகள் அங்கே பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றைத் தேடி வாங்குவோரும், செப்பனிடுவோரும், பெற்ற பிள்ளையைப்போல் பேணுவோரும் இருக்கின்றனர்.

சென்ற மழைக் காலத்தில் அவ்வூர்ப் பக்கம் போயிருந்த நாம், மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பட்டறை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், 1960களில் பம்பாயில் உருவான ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அருகில் வண்டிக்குரிய படகப் பெரியவரும் அவருடைய மகனும் நின்றுகொண்டிருந்தனர்.

“பாய், பழைய பெட்ரோல் இஞ்சினையே தேடிப் பிடித்து வைத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும்” என்றார் மகன்.

“கவுடரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று தந்தையைப் பார்த்தார் பட்டறைக்காரர். தந்தை உடனே பதில் சொல்லவில்லை.

அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், அந்த வண்டியின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

ஜீப் போர்க்களத்திற்கென்று பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், அமெரிக்க ராணுவம் எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஒன்றைக் கேட்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைந்து கொடுக்க, பேன்டம் என்னும் சிறிய நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனினும், 60 குதிரைத் திறன் கொண்ட வலிய இஞ்சினை வைத்திருந்த வில்லிஸ் நிறுவனமே பெரும் பங்கைத் தட்டிச் சென்றது. ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஆறரை லட்சம் ஜீப்புகளைச் செய்து குவித்துவிட்டன.

அப்போரின்போது, வாஷிங்டனில் இந்தியக் கொள்முதல் தூதுக் குழுவின் தலைவராக இருந்தவர் கே. சி. மஹிந்திரா. சாலையற்ற நாட்டிற்கு ஏற்ற வண்டி இதுவே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது எனலாம். தாயகம் திரும்பிய அவர், தம் சகோதரர் ஜே. சி. மஹிந்திராவுடனும் மற்றொரு நண்பருடனும் கூட்டுச் சேர்ந்து, 1945 அக்டோபர் 2ஆம் நாள் லூதியானாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். எஃகு வாணிபமே அதன் முதல் தொழில். நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு முஹம்மது’.

அந்த முஹம்மது யார்? அவரே ஜனாப் குலாம் முஹம்மது. லாகூரில் பிறந்து, அலிகாரில் கற்று, ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றி, ஹைதராபாத் நிஜாமின் அரசில் நிதிப் பொறுப்பும் வகித்தவர். 1947இல் நாடு இரண்டாயிற்று. குலாம் முஹம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1954இல் அரசியல் நிர்ணய சபையை அவர் கலைத்தது இன்றளவும் சர்ச்சைக்குரியது. அவருடைய அரசியலை எடை போடுவது இங்கு நம் நோக்கமன்று. மஹிந்திரா சகோதரர்கள் இங்கேயே இருந்தனர்; 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என்று மாறியது. ‘எம் அண்டு எம்’ என்று அச்சிட்ட தாள்கள் முன்னரே குவிந்திருந்தமையால், அவ்வெழுத்துகள் மாறாத பெயராகப் பார்த்து வைத்தார்கள் என்று ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. ஒரு துணைக்கண்டத்தின் பிரிவினை, ஒரு கம்பெனியின் பெயர்ப் பலகையில் இவ்வாறு பதிவாகிவிட்டது.

அதே 1948இல் ஜீப்பின் பெயர் மற்றொரு வகையில் நாடெங்கும் அடிபட்டது. லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், போரில் உழைத்துத் தேய்ந்து செப்பனிடப்பட்ட ஜீப்புகளை வாங்க 80 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155; அவையும் பயன்படுத்தத் தகுதியற்றவை எனப் பெரும் கண்டனம் எழுந்தது. 1955இல் அரசு அவ்விவகாரத்தை முடித்து வைத்தது. பழைய வண்டியைச் செப்பனிடுவதில் நேர்மை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

1949இல் பம்பாய் மஸகானில், வில்லிஸ் நிறுவனத்தின் உறுப்புகளைக் கொண்டு ஜீப்புகள் பூட்டப்படலாயின. பின்னர் உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டன. உள்ளிழுக்கும் வால்வுகள் மேலே அமைந்த உயரமான இஞ்சினுக்கு இடம் தருவதற்காகப் பானெட்டை உயர்த்திய ‘சி. ஜே. 3 பி’ என்னும் வகை, அமெரிக்காவில் 1968இல் நின்றுபோயிற்று. நம் நாட்டிலோ அதன் வழித்தோன்றல்கள் 2010 வரை வந்துகொண்டிருந்தன. பிறந்த நாடு மறந்த வண்டியைப் புகுந்த நாடு நாற்பதாண்டுகளுக்கு மேல் காப்பாற்றியது.

மலைநாட்டிற்கு அதன் சிறப்பு வேகத்தில் இல்லை. அமெரிக்கர் 1964இல் வெளிவந்த போன்டியாக் ஜி. டி. ஓ. போன்ற ‘மசில் கார்’களை இன்றும் பெரும் பொருள் கொடுத்து வாங்கிப் புதுப்பிப்பது, நீண்ட நேர்சாலையில் அவை காட்டிய பாய்ச்சலுக்காக. கீழ் கோத்தகிரியில் நேர்சாலைக்கு எங்கே போவது? ஈரமண் சறுக்கும் தோட்டப் பாதையில் நான்கு சக்கரமும் போட்டு, தாழ்ந்த கியரில் நடை வேகத்தில் ஏறுவதும், ஏறிய அதே கியரில், பிரேக்கை நம்பாமல் இஞ்சினின் பிடியிலேயே இறங்குவதும்தான் அங்கே வீரம். இலை மூட்டையும் உரமும் சுமந்தது ஜீப். மணமகளை அழைத்து வந்ததும், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதுவே. ஆகவே அதன்மீதுள்ள பற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

செப்பனிடுதல் பொறுமையின் கலை. துருவேறிய தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். தேய்ந்த கியர்ப் பற்களுக்கு மாற்றாகச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் நாள் முழுதும் தேட வேண்டும். அங்கும் கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப்பையே புதிதாகக் கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. எனினும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்து, சட்டகம், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் காணாத வண்டிக்குத் தனிப் பதிவெண் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது; கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே எடுக்கலாம். சாதாரண வண்டியாகவே வைத்துக்கொள்வோர், பதினைந்து ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்ந்தது.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். மகனின் விருப்பத்திற்குக் காரணம் இந்த விதிதான். பெட்ரோல் இஞ்சினைத் திரும்ப வைத்தால் வண்டிக்குப் பழம்பெருமைப் பதிவு கிடைக்கலாம். ஊட்டியில் நடக்கும் அணிவகுப்பில் மாலை மரியாதையுடன் நிறுத்தலாம். ஆனால் அதிலிருந்த டீசல் இஞ்சின், பெட்ரோல் விலை எட்டாமற்போன நாளில் தந்தை கடன்பட்டு வாங்கிப் பொருத்தி, முறைப்படி பதிவுச் சான்றிலும் ஏற்றியது. அந்த இஞ்சினின் உழைப்பில்தான் மகன் கோயம்புத்தூரில் படித்தார்.

நெடுநேரம் மௌனமாயிருந்த பெரியவர் கடைசியில் சொன்னார்: “கம்பெனி செய்தது ஒரு வண்டி, பாய். நாங்கள் ஓட்டி ஓட்டிச் செய்தது இன்னொரு வண்டி. எனக்கு இரண்டாவது போதும். ஓடாத வண்டிக்கு மாலை எதற்கு?”

மகன் வாதாடவில்லை. டீசல் இஞ்சினே மீண்டும் ஏறியது. ஆனால் தந்தையும் மகனுக்கு ஒன்றை விட்டுக் கொடுத்தார். மேற்பூச்சுகளைச் சுரண்டியபோது அடியில் தென்பட்ட பழைய பச்சை நிறத்தையே அடிக்கச் சொல்லிவிட்டார்.

பழமையைப் பேணுதல் என்றால் என்ன என்னும் வினாவிற்கு அந்தப் பட்டறையில் நமக்கு விடை கிடைத்தது. பிறந்த நாளின் கோலத்தை மீட்பது ஒரு வகை. வாழ்ந்த வாழ்வின் தழும்புகளையும் சேர்த்துக் காப்பது மற்றொரு வகை. மஹிந்திரா அண்டு முஹம்மது என்ற பெயரை இனி எந்தப் பலகையிலும் மீட்க இயலாது, மீட்கவும் வேண்டியதில்லை. ஆனால் கீழ் கோத்தகிரியில் படகர் ஒருவரின் வண்டியை முஸ்லிம் ஒருவர் பிரித்துப் பூட்டி, “பார்த்துப் போங்கள் கவுடரே” என்று சாவியைக் கொடுத்தபோது, லூதியானாவில் தொடங்கிய அந்தக் கூட்டு முற்றிலும் கலைந்துவிடவில்லை என்றே நமக்குத் தோன்றியது.

மழை விட்டிருந்தது. ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டே மேட்டில் ஏறி, பனியில் மறைந்தது.