மேல்முறையீட்டின் கடைசிப் படி: லண்டனிலிருந்து டெல்லி வரை



திருக்குர்ஆனின் 21ஆவது அத்தியாயமான சூரா அல்அன்பியாவில் ஒரு விளைநிலத்தின் வழக்கு மிகச் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் புகுந்து பயிரை மேய்ந்துவிட்டன. சேதத்திற்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடும்படி நபி தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். அவர்களின் மகனார் நபி சுலைமான் (அலை) அவர்களோ வேறொரு வழியைக் கூறினார்கள். பயிர் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர்கள் நிலத்தைப் பண்படுத்த வேண்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் கம்பளியையும் நிலத்துக்காரர் அனுபவிக்கலாம். பிறகு அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பிவிடும். சுலைமான் (அலை) அவர்களுக்கு அந்த விளக்கத்தைத் தந்ததாகக் கூறும் அல்லாஹ், இருவருக்குமே ஞானத்தையும் கல்வியையும் அளித்ததாகச் சேர்த்தே கூறுகிறான். ஒரு தீர்ப்பு மறுபடியும் ஆராயப்படுவது முதலில் தீர்ப்பளித்தவருக்கு இழுக்கு அன்று என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடும் கடிதத்திலும் இக்கருத்து உண்டு. நேற்று அளித்த தீர்ப்பு தவறெனத் தெரிந்தால், இன்று சத்தியத்தின் பக்கம் திரும்புவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. மேல்முறையீடு என்ற ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

நம் நாட்டில் அந்த ஏற்பாடு எப்படி உருவானது? கடைசிப் படியாகிய உச்ச நீதிமன்றம் குற்ற வழக்குகளையும் உரிமையியல் வழக்குகளையும் தொழிலாளர் வழக்குகளையும் எவ்வாறு முடிவு செய்கிறது? அதன் முடிவுக்குப் பின் ஒரு முஸ்லிமின் கடமை என்ன? இக்கட்டுரை இவற்றையே பேசுகிறது.

காஜியும் முஃப்தியும் இருந்த அதாலத்

சென்னையில் ஆங்கிலேயர் அமைத்த மேயர் நீதிமன்றத்திற்கு 1726இல் இங்கிலாந்து மன்னரின் சாசனம் கிடைத்தது. அதன் தீர்ப்பை எதிர்ப்பவர் முதலில் கவர்னரின் அவையை நாட வேண்டும். வழக்கின் மதிப்பு 1,000 வராகனுக்கு மேற்பட்டால் மட்டுமே அங்கிருந்து லண்டனில் உள்ள மன்னரின் அவைக்குச் செல்லலாம். இந்திய மண்ணின் வழக்கு கடல் கடந்து போகும் பாதை அப்போதே திறந்துவிட்டது.

கோட்டைக்கு வெளியே வேறொரு முறை வளர்ந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் உரிமையியலுக்குச் சதர் திவானி அதாலத்தையும் குற்றவியலுக்குச் சதர் நிஜாமத் அதாலத்தையும் நிறுவினார். சென்னை மாகாணத்தில் 1802இன் ஒழுங்குமுறைகளின்படி சதர் அதாலத்தும் பவுஜ்தாரி அதாலத்தும் அமைந்தன. குற்ற வழக்குகளில் இஸ்லாமியக் குற்றவியலே, கம்பெனியின் திருத்தங்களுடன், அடிப்படையாக இருந்தது. நீதிமன்றத்தின் காஜிகளும் முஃப்திகளும் ஃபத்வா எழுதித் தருவார்கள்.

1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும் தோன்றியது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் இருந்த முஸ்லிம், இந்துச் சட்ட அலுவலர் பதவிகளை நீக்கியது. அதன்பின், ஷரீஅத் தொடர்பான வழக்கிலும் முடிவு செய்பவர்கள் நூல்களின் மொழிபெயர்ப்புகளையும் முந்தைய தீர்ப்புகளையும் நம்பிய நீதிபதிகளே. இதன் விளைவு முப்பது ஆண்டுகளில் தெரிந்தது.

1894: வக்ஃபைக் குலைத்த தீர்ப்பு

1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழு முறைப்படி அமைந்தது. இந்தியாவின் கடைசி மேல்முறையீடு அங்கேதான். உரிமையியல் வழக்கு பொதுவாக ரூபாய் 10,000 மதிப்புடையதாக இருந்தால்தான் அங்கு போக முடியும்.

வங்காளத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள் தம் சொத்துகளை வக்ஃபு செய்திருந்தார்கள். வருமானம் தலைமுறை தலைமுறையாகத் தம் சந்ததியினருக்கும், சந்ததி முற்றிலும் அற்றுப்போனால் ஏழைகளுக்கும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இதுதான் வக்ஃபு அலல் அவ்லாத். சொந்தக் குடும்பத்தாரைப் பராமரிப்பதும் தர்மமே என்பது நம் மார்க்கத்தின் போதனை. நூற்றாண்டுகளாக முஸ்லிம் உலகெங்கும் இத்தகைய வக்ஃபுகள் இருந்துவந்தன.

அபுல் ஃபத்தா வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், 1894இல் பிரிவி கவுன்சில் அந்த வக்ஃபு செல்லாது என்று கூறியது. ஏழைகளுக்கான பங்கு எப்போதோ வரக்கூடிய, பெயரளவிலான ஒன்று. குடும்பச் சொத்தைக் காப்பதற்குத் தர்மத்தின் பெயர் பூசப்பட்டுள்ளது என்பது அதன் காரணம். ஆங்கிலச் சட்டத்தில் தர்மம் என்றால் என்ன என்ற அளவுகோலே இங்கும் பயன்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சையத் அமீர் அலி, இதே பொருள் குறித்த முந்தைய ஒரு வழக்கில் மார்க்க நூல்களை விரிவாக எடுத்துக்காட்டி மாற்றுக் கருத்து எழுதியிருந்தார். லண்டனில் அது ஏற்கப்படவில்லை.

அதற்கு மேல் முறையிட இடமில்லை. நாடெங்கும் எத்தனையோ குடும்பங்களின் வக்ஃபு ஏற்பாடுகள் ஒரே தீர்ப்பினால் ஐயத்திற்குரியனவாகிவிட்டன.

சமுதாயம் என்ன செய்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம். மௌலானா ஷிப்லி நுஃமானி ஆலிம்களின் ஆதரவைத் திரட்டினார். வக்ஃபின் மார்க்க ஆதாரங்கள் எழுத்தில் தொகுக்கப்பட்டன. 1911இல் முஹம்மது அலி ஜின்னா மத்திய சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் முஸல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கும் அப்பாதுகாப்பை நீட்டிக்க 1930இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. இடையில், 1909இல், அதே அமீர் அலி பிரிவி கவுன்சில் நீதிக் குழுவின் முதல் இந்திய உறுப்பினரானார்.

கடைசி நீதிமன்றமும் பிழை செய்யக்கூடும். அப்பிழை அறிவாலும் ஆதாரத்தாலும் பொறுமையாலும் சட்டத்தின் வழியிலேயே திருத்தப்பட்டது. அதற்கு 19 ஆண்டுகள் ஆயின. முழுமையாக 36 ஆண்டுகள்.

டெல்லிக்கு வந்த நீதி

1937இல் கூட்டாட்சி நீதிமன்றம் டெல்லியில் தொடங்கியது. அதன் முதல் நீதிபதிகளில் சர் ஷா முஹம்மது சுலைமானும் ஒருவர். 1949 அக்டோபரில் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் முடிவுக்கு வந்தது. 1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓர் அவையில் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமை நீதிபதி உட்பட 6 பேரே அப்போது இருந்தனர்; அவர்களில் ஒருவர் சையத் ஃபஸ்ல் அலி. 1968இல் எம். ஹிதாயதுல்லா தலைமை நீதிபதியானார். 1989இல் பத்தனம்திட்டாவின் எம். ஃபாத்திமா பீவி அதன் முதல் பெண் நீதிபதியானார். பிற்காலத்தில் அவரே தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

இந்நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பதில்லை. சாட்சிகள் அங்கே கூண்டில் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றங்களின் பதிவேடுகளை வைத்து, சட்டம் சரியாகப் பயன்பட்டதா, பெரும் அநீதி நிகழ்ந்ததா என்றே நீதிபதிகள் பார்க்கிறார்கள். பெரும்பாலான வழக்குகளை இருவரோ மூவரோ கொண்ட அமர்வு கேட்கிறது. அரசியல் சாசனத்தின் பொருளைப் பற்றிய முக்கியக் கேள்வியானால் குறைந்தது ஐவர் அமர வேண்டும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மையே தீர்ப்பு.

குற்ற வழக்கு

பிரிவி கவுன்சில் தன்னை ஒரு குற்றவியல் மேல்முறையீட்டு மன்றமாகக் கருதியதில்லை. மிக வெளிப்படையான அநீதி நிகழ்ந்தாலன்றித் தலையிடாது. தூக்குத் தண்டனை பெற்றவருக்கும் அங்கே மேல்முறையீடு உரிமையாக இருந்ததில்லை.

அரசியல் சாசனத்தின் 134ஆவது பிரிவு இதை மாற்றியது. விசாரணை நீதிமன்றம் விடுவித்த ஒருவரை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி மரண தண்டனை விதித்தால், அவர் உச்ச நீதிமன்றத்தை உரிமையுடன் அணுகலாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாறு ஆயுள் தண்டனையோ 10 ஆண்டுகளுக்குக் குறையாத சிறையோ பெற்றவருக்கும் இவ்வுரிமையை விரித்தது. ஒரு நீதிமன்றம் நிரபராதி என்றவரை மற்றொன்று குற்றவாளி என்றால், மூன்றாவது ஒரு பார்வை அவசியம் என்பதே இதன் தத்துவம். மரண தண்டனை வழக்கின் மறுஆய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே தீர்மானித்தது. போன உயிரை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது அல்லவா?

உரிமையியல் வழக்கு

133ஆவது பிரிவின்படி தொடக்கத்தில் ரூபாய் 20,000 மதிப்புள்ள வழக்கு மேல்முறையீட்டுக்குத் தகுதி பெற்றது. செல்வந்தரின் சாதாரணத் தகராறு டெல்லி வரை சென்றது; ஏழையின் கையளவு மனையில் எவ்வளவு பெரிய சட்டக் கேள்வி இருந்தாலும், அதற்கு அந்த வாசல் எளிதாகத் திறக்கவில்லை. 1972இல் நிறைவேறிய 30ஆவது திருத்தம் இந்தப் பண அளவுகோலை அகற்றியது. பொது முக்கியத்துவம் உடைய சட்டக் கேள்வி இருப்பதாகவும், அதை உச்ச நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் சான்றளிப்பதே இப்போதைய நிபந்தனை.

சான்று கிடைக்காதவர்கள் 136ஆவது பிரிவின் கீழ்ச் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்கிறார்கள். இது உரிமை அன்று; நீதிமன்றத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது. இங்கே நம் குடும்பங்களில் பலர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சுட்ட வேண்டும். மனு தொடக்கத்திலேயே காரணம் கூறப்படாமல் தள்ளுபடியானால், எதிர்த்தரப்பின் வாதத்தை உச்ச நீதிமன்றம் சரியென உறுதி செய்ததாகப் பொருளில்லை. மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை என்பதே பொருள். 2000ஆம் ஆண்டின் குஞ்ஞஹம்மது வழக்கில் இது தெளிவாக்கப்பட்டது.

தொழிலாளர் வழக்கு

உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை நம் பிள்ளைகளும் அறிவர். கூலி வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறும்போது அந்த வியர்வை உலர்வது மட்டுமன்று, ஆளே ஓய்ந்துவிடுவதும் உண்டு.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழில் தீர்ப்பாயங்களை அமைத்தது. அவற்றின் முடிவை உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்க முடியுமா என்ற கேள்வி 1950லேயே பாரத் வங்கி வழக்கில் எழுந்தது. முடியும் என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அமைந்த தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1956இல் கலைக்கப்பட்டது. அதன்பின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அங்கிருந்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு என்பதே வழக்கமான பாதையாயிற்று.

இப்பாதையின் நீளம் முதலாளிக்குச் சாதகமானது. அதனால் அச்சட்டத்தில் 17பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 1984இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்தும் உத்தரவை எதிர்த்து முதலாளி மேல் நீதிமன்றம் சென்றால், வழக்கு முடியும்வரை, அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தைக் கொடுத்துவர வேண்டும். தொழிலாளி வேறெங்கும் வேலை பார்க்காமல் இருக்க வேண்டும். நம்மில் தொழிலாளிகளும் உண்டு, தொழில் நடத்துவோரும் உண்டு. இரு சாராரும் இதன் நியாயத்தை உணர வேண்டும்.

தீர்ப்புக்குப் பின்

நியாயம் நம் பக்கம் இருந்தால் மேல்முறையீடு செய்வதில் கூச்சம் வேண்டாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறப்பு அனுமதி மனுவுக்குப் பொதுவாக 90 நாள்களே தவணை. மரண தண்டனை வழக்கில் 60 நாள்கள். வசதியில்லை என்று எவரும் ஒதுங்கிவிடத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் காவலில் இருப்போரும் தொழிலாளர்களும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். உச்ச நீதிமன்றத்திலேயே இதற்கென ஒரு குழு இயங்குகிறது.

நியாயம் நம் பக்கம் இல்லை என்று உள்ளம் அறிந்திருந்தால்? நபி (ஸல்) அவர்கள் தாமும் மனிதரே என்றும், வழக்காளிகளில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உடையவராக இருக்கலாம் என்றும், கேட்டதை வைத்துச் சகோதரனின் உரிமையைத் தாம் அவருக்குத் தீர்ப்பளித்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. இறைத்தூதரின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனில், டெல்லியின் தீர்ப்பு எம்மாத்திரம்?

சகோதரியின் வாரிசுப் பங்கைக் கொடுக்காமல், அவள் களைத்துப்போகட்டும் என்று படிப்படியாக மேல்முறையீடு செய்பவர் கடைசிப் படியில் வென்றாலும் தோற்றவரே. சமாதானமே மேலானது என்று திருக்குர்ஆன் காட்டும் வழி முதல் நாள் முதல் கடைசி நாள் வரை திறந்தே இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்போடு இவ்வுலக வழக்கு முடியும். மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு நாளின் அதிபதி முன்னால் நாம் ஒவ்வொருவரும் தனியே நிற்போம்.

நீதியின் பக்கம் நிற்பவர்களாகவும், பிறர் உரிமையை உண்ணாதவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.