மட்டிக்குள் முத்து: காதால் கற்பது பாதி, கையால் கற்பது மீதி

(வானொலிப் பேச்சு)



செல்போனைத் திறந்தால் போதும், "வீட்டிலிருந்தே முத்து வளர்ப்புப் படிக்கலாம், லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் வருகிறது. மல்லாட்டைக்கு விலை கட்டவில்லை, பண்ணைக் குட்டை சும்மா கிடக்கிறது, நாமும் இதைச் செய்து பார்த்தால் என்ன என்று கேட்கிறவர்கள் நம்மிலே உண்டு. "கடலே இல்லாத திருவண்ணாமலையில் முத்தா? இதெல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு நியாயம் என்று தெரிய வேண்டுமானால், இந்த முத்து வித்தை எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது, நம்ம கைக்கு எப்படி வந்தது என்ற கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்ம தமிழ்நாட்டுக்கு முத்து புதிசு இல்லீங்க. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் கொற்கை என்ற துறைமுகம் இருந்தது. பாண்டிய நாட்டு முத்து அங்கேயிருந்துதான் கப்பல் ஏறியது. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னே கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடல் வழிக் குறிப்பில் கொற்கையைப் பற்றி வருகிறது. அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது சொல்கிறது. முத்து அரசனுடைய கழுத்துக்கு, மூச்சடக்குவது ஏழையின் தலைக்கு என்ற நிலைமை அப்போதே இருந்திருக்கிறது. பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அப்புறம் வெள்ளைக்காரர் ஆட்சி. ஆட்சி மாறினாலும் வேலை மாறவில்லை. முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார், சிப்பி அள்ளுவார், மேலே வருவார். அள்ளியதில் பெரும்பங்கு சர்க்காருக்கு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சிப்பி எந்த வருஷம் விளையும், எந்த வருஷம் காணாமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1905-ம் வருஷம் இலங்கையில் மரிச்சுக்கட்டி என்ற இடத்தில் ஒரே பருவத்தில் சுமார் 8 கோடி சிப்பி எடுத்தார்கள். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, அடுத்த வருஷமே அந்தக் கடலை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு அங்கே சிப்பியே கிடைக்கவில்லை. கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷ மகசூலைப் பார்த்து 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டதன் பலன் அது. தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு சரி. அந்தப் பழைய தொழில் அங்கே முடிந்துபோனது.

முத்து எப்படி உண்டாகிறது?

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று நம்ம பெரியவங்க கதை சொல்வாங்க. கதை அழகானது. நடப்பது வேறு. சிப்பியின் ஓட்டுக்குள்ளே அதன் உடம்பைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய சதைப் போர்வை இருக்கிறது. ஓட்டின் உள்பக்கம் பளபளக்கிறதே, அந்தப் பூச்சைப் பூசுவது இந்தப் போர்வைதான். ஏதாவது புழுவோ துகளோ உள்ளே புகுந்து, போர்வையின் சதைத் துணுக்கு ஒன்று உடம்புக்குள் இடம் மாறிப் போனால், அந்தத் துணுக்கு வளர்ந்து ஒரு பை மாதிரி ஆகும். பைக்குள்ளே பளபளப்பை அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே இருக்கும். அதுதான் முத்து. கண்ணில் தூசி விழுந்தால் கண்ணீர் சுரந்து காப்பாற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் சிப்பிக்கு மட்டும் இந்தக் குணம் இல்லை. ஏரி, ஆறு, குளத்தில் இருக்கும் மட்டிக்கும் உண்டு. சீனாவில் பல நூறு வருஷத்துக்கு முன்பே, நன்னீர் மட்டியின் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே சின்னச் சின்னப் புத்தர் உருவங்களைச் சொருகி வைத்து, முத்துப் பூச்சு ஏறிய பிறகு எடுத்தார்கள். ஐரோப்பாவில் செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் பெயர் வைத்த லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், 1761-ல் ஆற்று மட்டியில் உருண்டை முத்து விளையவைத்துக் காட்டினார். ஆக, கடல் இல்லாத ஊரில் முத்தா என்று கேட்பவருக்குப் பதில்: ஆமாம், விளையும்.

காய்கறி விற்றவர் கண்ட முத்து

இந்த வித்தையைப் பெரிய தொழிலாக ஆக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த கோகிச்சி மிகிமோட்டோ. 1858-ல் பிறந்தவர். அப்பாவுக்குக் கோதுமை மாவுச் சேமியா விற்கும் கடை. இவரும் சின்ன வயதில் காய்கறி விற்றவர். படித்த விஞ்ஞானி இல்லை. சிப்பியில் முத்து விளைவிக்கப் போய், வருஷக்கணக்கில் தோற்றார். 1892-ல் கடல் தண்ணீர் சிவந்து, வளர்த்த சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வேறொரு பக்கம் மிஞ்சியிருந்த சிப்பிகளை 1893 ஜூலை 11-ம் தேதி அவரும் மனைவி உமேயும் திறந்து பார்த்தபோது, ஓட்டோடு ஒட்டிய அரை முத்து இருந்தது. முழு உருண்டை முத்துக்கு மேலும் பல வருஷம் பிடித்தது. மணியோடு சதைத் துணுக்கையும் சேர்த்து வைக்கும் முறையை மிசே, நிஷிகாவா என்ற வேறு இரண்டு ஜப்பானியர் 1907-ஐ ஒட்டி வகுத்தார்கள்.

உள்ளே வைக்கும் மணி எதில் செய்தது தெரியுமா? அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்தது. ஜப்பான் கடல் முத்தின் வயிற்றுக்குள்ளே இருந்தது அமெரிக்க ஆற்று மட்டி!

வளர்ப்பு முத்து கடைக்கு வந்ததும் ஐரோப்பிய வியாபாரிகள் இது போலி என்று கூச்சல் போட்டார்கள். 1920-களில் பாரிஸ் நகரத்தில் வழக்கு வரைக்கும் போனது. ஆனால் அது போலி இல்லை. பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் சாயம் பூசிச் செய்வது போலி. வளர்ப்பு முத்தைச் செய்வது சிப்பிதான்; மனிதன் தூண்டி மட்டும் விடுகிறான். காட்டில் தானாக முளைத்த மாமரத்துக்கும் நாம் ஒட்டுப் போட்ட மாமரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த வித்தையை ஜப்பான் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்தது. வெளிநாட்டாருக்குச் சொல்லித் தருவதில்லை என்பதே கொள்கை. அந்தப் பூட்டு நம்ம தமிழ்நாட்டில்தான் நமக்குத் திறந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1972-ல் தூத்துக்குடிப் பக்கம் வேப்பலோடையில் வேலை தொடங்கினார்கள். கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானி அதில் முன்னின்றார். 1973 ஜூலை மாதம் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து அங்கே விளைந்தது. ஜப்பான் ஆசான் வந்து கைபிடித்துச் சொல்லித் தந்தது இல்லை. செய்து, தோற்று, மறுபடி செய்து கற்றது.

அடுத்து நன்னீர். ஒடிசாவில் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1987-ல் நன்னீர் முத்து ஆராய்ச்சி தொடங்கி, நம்ம ஏரி குளங்களில் கிடைக்கும் லாமெல்லிடென்ஸ் என்ற மட்டி வகையிலேயே முத்து விளைவிக்க முறை வகுத்தார்கள். விவசாயிகளுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறார்கள். அரசன் சொத்தாக, கம்பெனி ரகசியமாக இருந்த ஒரு வித்தை, பொதுப் பணத்தில் ஆராய்ந்து பொதுவுக்கு வந்த கதை இது. அதனால், "எங்களிடம் மட்டுமே இருக்கும் ரகசிய முறை" என்று யாராவது பெரிய தொகை கேட்டால், உஷாராக இருங்கள்.

செல்போன் பாடம் எதுவரை உதவும்?

தூரத்திலிருந்து கேட்டுக் கற்பது நமக்குப் பழக்கமானதுதான். 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட தஞ்சாவூர் விவசாயிகள், அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தார்கள். கேள்வி ஞானம் வீண் போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விவசாயிக்கு நாற்று விடவும் நடவும் முன்னமே தெரியும். விதை மட்டும்தான் புதிசு. முத்து வளர்ப்பில் எல்லாமே புதிசு.

இணையவழிப் பாடத்தில் என்ன கற்கலாம்? மட்டியின் உடம்பு எப்படி, என்ன தின்கிறது, தண்ணீர் எப்படி இருக்க வேண்டும், செலவு எவ்வளவு, எங்கே விற்கலாம் என்பதையெல்லாம் கற்கலாம். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. கற்க முடியாதது கைவேலை. உயிருள்ள மட்டியின் வாயை அரை முதல் ஒரு சென்டிமீட்டர்தான் திறக்கலாம். அதற்கு மேல் போனால் தசை கிழிந்து மட்டி செத்துவிடும். உருண்டை முத்துக்கு வேறொரு மட்டியின் போர்வையிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துணுக்கு வெட்டி, அது காய்வதற்குள் உள்ளே வைக்க வேண்டும். மாட்டுக்கு ஊசி போடுவதைப் படத்தில் பார்த்துக் கற்ற ஆளிடம் நம்ம மாட்டை விடுவோமா? இதுவும் அப்படித்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாடத்தைச் செல்போனில் கேளுங்கள்; கத்தியைப் பயிற்சி நிலையத்தில் பிடித்துப் பழகுங்கள். எந்தப் பயிற்சியிலும் சேரும் முன்னே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் கையால் எத்தனை மட்டிக்குச் செய்ய விடுவீர்கள்?"

நம்ம ஊர்த் தண்ணீர்க் கணக்கு

அறுவை முடிந்த மட்டியை மருந்து கலந்த தண்ணீரில் சுமார் 10 நாள் வைத்துப் பார்த்து, செத்ததை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். பிழைத்ததை நைலான் பையில் பைக்கு இரண்டாகப் போட்டு, மூங்கிலிலோ பிளாஸ்டிக் குழாயிலோ கட்டி, குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட வேண்டும். 12 முதல் 18 மாதம் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீர் இளம்பச்சையாக இருந்தால் அதில் மட்டிக்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம பக்கத்துச் சிக்கல் இங்கேதான். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறைகிறது. சித்திரை வைகாசியில் வற்றிவிடுகிறது. தண்ணீர் ஆறு மாதம் நிற்கும் ஏரியில் 18 மாதப் பயிர் வைக்க முடியாது. கோடையிலும் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்பக்கூடிய குட்டை இருப்பவர்தான் இதை யோசிக்கலாம். பக்கத்து வயலில் அடிக்கும் பூச்சிமருந்துத் தண்ணீர் குட்டைக்கு வரவே கூடாது. தென்பெண்ணையிலும் செய்யாற்றிலும் கிடைக்கிற மட்டியையெல்லாம் ஒரேயடியாக வாரிக்கொண்டு வருவதும் தப்பு. மட்டி தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிராணி. வாரிவிட்டால் அடுத்த வருஷம் நமக்கே இருக்காது.

அளவு என்று பார்த்தால், ஒரு ஹெக்டேருக்கு 20,000 முதல் 30,000 மட்டி விடலாம் என்பது ஆராய்ச்சி நிலையக் கணக்கு. 10 சென்ட் குட்டைக்கு அது 800 முதல் 1,200 மட்டிதான் வரும். அத்தனையும் பிழைக்காது. செத்தது போக, முத்துப் பிடிக்காதது போக, கோணல்மாணலாக வந்தது போக மிஞ்சுவதே வரவு. ஜாம்பவான் மிகிமோட்டோவே 1932-ல் தரம் குறைந்த முத்தைக் கோபே நகரத்தில் எல்லோரும் பார்க்கத் தீயில் போட்டார். விளைந்ததெல்லாம் விலை போகாது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

விலையும் நிலையானது இல்லை. ஜப்பானில் 1966 வரை உற்பத்தியைப் பெருக்கினார்கள்; அடுத்த வருஷமே சந்தை சரிந்து பல பேர் தொழிலை விட்டார்கள். பிறகு சீனா, ஒரே மட்டியில் இருபது முப்பது நன்னீர் முத்து எடுத்து உலகச் சந்தையில் கொட்டியது. எல்லோரும் தக்காளி போட்ட வருஷம் தக்காளி படும் பாடு நமக்குத் தெரியாததா? "முத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி மட்டியை விற்கிறவரிடம், என்ன தரம், என்ன விலை, வாங்காவிட்டால் என்ன ஈடு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் முத்து வளர்ப்புக்கும் இடம் தரப்பட்டது. மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்ட பிறகே கடன் வாங்குவதைப் பற்றி நினையுங்கள்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அண்ணாமலையார் சன்னதிக்கு வருகிற ஜனங்கள் ஞாபகப் பொருள் வாங்காமல் ஊர் திரும்புவது குறைவு. சீனாவில் புத்தர் உருவம் எடுத்த மாதிரி, சின்ன அச்சு வைத்து விளக்கு வடிவிலோ லிங்க வடிவிலோ முத்து எடுத்தால், ஊரிலேயே விற்க வழி பார்க்கலாம். உருண்டை முத்தைவிட இது சுலபமும்கூட.

ஆகையால், ஆசைப்பட்டவர்கள் முதல் முறை 50 மட்டியோடு தொடங்குங்கள். நெல்லையும் மல்லாட்டையையும் விட்டுவிட வேண்டாம். கொற்கையில் மூச்சடக்கி இறங்கியவனுக்குக் கடலின் ஆழம் தெரிந்திருந்தது. நாமும் நம்ம குட்டையின் ஆழத்தையும் கையிருப்பின் ஆழத்தையும் பார்த்துக்கொண்டு இறங்குவோம்.